எஸ்எல்ஆரின் போல்ட்டைக் கழற்றும்போது

1ஏ1 எஸ்எல்ஆர் (செல்ஃப் லோடிங் ரைபிள்) மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் தயாரானது. பெல்ஜியத்தின் எஃப்என் எஃப்ஏஎல் துப்பாக்கியின் வழிவந்த இது, 1960களில் இந்திய ராணுவத்துக்கு வந்து அதன் முதன்மை ரைபிளாக இருந்தது. 1990களில் இன்சாஸ் ரைபிள் வந்த பிறகும் பல மாநிலப் போலீஸ் படைகளில் நீடிக்கிறது. போலீஸ் ஆயுதப்படையில் புதிதாகச் சேர்பவர்கள் பேரலைப் பளபளக்கத் துடைக்கிறார்கள். போல்ட்டை மேலோட்டமாகத் துடைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். தோட்டா வெடிக்கும் கணத்தில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 50,000 பவுண்டு அழுத்தம் எழுகிறது. அதைச் சுடுபவரின் முகத்துக்கு அருகில் தாங்கி நிற்பது இந்தப் போல்ட்தான். அதனால்தான் இதற்கென்று தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

கையேடுகளில் போல்ட்டைப் பிரீச் பிளாக் என்றும், அதைச் சுமந்து ஓடும் பாகத்தை ஸ்லைடு என்றும் குறிப்பிடுவார்கள்.

செய்ய வேண்டியவை

* முதலில் மேகசினைக் கழற்றுங்கள். காக்கிங் ஹேண்டிலை இழுத்துச் சேம்பரைக் கண்ணால் பாருங்கள். பிறகு சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். இரவுப் பணி முடிந்து வருபவருக்குக் கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. துடைக்கும் இடத்தில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

* வெளிர்நிறத் துணியை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். ஸ்லைடை வெளியே எடுத்து, ஃபயரிங் பின்னின் பின்முனையை அழுத்தியபடி போல்ட்டைத் தூக்கினால் கழன்றுவரும். அடுத்து ஃபயரிங் பின்னைப் பிடித்திருக்கும் குறுக்கு ஆணியைத் தள்ள வேண்டும். அப்போது பின்னைக் கட்டைவிரலால் அழுத்தியே வைத்திருங்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது; விட்டால் பறந்துவிடும்.

* போல்ட்டின் முகப்பையும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியையும் பல் துலக்கும் பழைய பிரஷால் தேயுங்கள். கரியும் பித்தளைத் துகளும் சேர்ந்து இறுகும் இடம் அது. அங்கே அழுக்கு நிறைந்தால் நகம் தோட்டாக் கேஸின் விளிம்பைச் சரியாகக் கவ்வாது. காலிக் கேஸ் சேம்பரிலேயே தங்கிவிடும், அடுத்த தோட்டா அதன் முதுகில் வந்து முட்டும். ஃபயரிங்கின்போது வரும் ‘ஸ்டாப்பேஜ்’களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

* எஸ்எல்ஆரில் எஜெக்டர் போல்ட்டில் இல்லை, பாடியில் நிலையாக இருக்கிறது. அது நுழைவதற்காகப் போல்ட்டில் ஒரு காடி உண்டு. பலரும் அந்தக் காடியைத் துடைக்காமல் விட்டுவிடுகிறார்கள்; அதையும் துடையுங்கள்.

* ஃபயரிங் பின்னின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். உருண்டையாக, வழவழப்பாக இருக்க வேண்டும். சிதைந்தோ கூராகவோ இருந்தால் ஆர்மரரிடம் கொடுங்கள்.

* ஃபயரிங் பின் ஓடும் துளையை உலரத் துடையுங்கள். போல்ட்டும் ஸ்லைடும் உரசும் பரப்புகளுக்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும். ராமநாதபுரம், கன்னியாகுமரி போன்ற கடலோர மாவட்டங்களில் உப்புக் காற்றுக்காக அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

* ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றில் போடாதீர்கள். எல்லாவற்றையும்விட இதையே முதலில் மனத்தில் வையுங்கள். எஸ்எல்ஆரின் போல்ட் பூட்டும்போது அதன் பின்பகுதி கீழே சாய்ந்து, பாடியில் இருக்கும் லாக்கிங் ஷோல்டர் என்ற எஃகுத் துண்டின் மேல் உட்காரும். அந்தத் துண்டைப் பல அளவுகளில் செய்து, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பொருந்துவதை அளந்து பொருத்துகிறார்கள். போல்ட் மாறினால் அந்தக் கணக்கு குலைகிறது. போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையே இடைவெளி கூடினால் கேஸ் கிழிந்து, சூடான வாயு பின்பக்கம் பீறிடலாம். போல்ட் கச்சிதமாக நுழைவதைப் பார்த்துச் சரியென்று நம்பிவிடாதீர்கள். இங்கே வேறுபாடு அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குதான். பத்துப் பேர் ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்து துடைக்கும் நாளில், பாகங்களில் பொறித்த எண்ணைப் பாடியின் எண்ணோடு ஒப்பிடாமல் பூட்டாதீர்கள்.

* ஃபயரிங் பின் துளையில் எண்ணெய் ஊற்றாதீர்கள். போலீஸ் துப்பாக்கிகள் பல மாதம் சுடப்படாமல் ஸ்டாண்டில் நிற்பவை. எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகும். ஃபயரிங் பின் மெதுவாக நகர்ந்தால் தோட்டா வெடிக்காது. நுனி வெளியே நீட்டியபடி ஒட்டிக்கொண்டால், ட்ரிகரைத் தொடாமலே போல்ட் மூடும்போது வெடித்துவிடலாம்.

* தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், துருவைத் தடுக்காது. பயன்படுத்தினால் துடைத்துவிட்டு ஆயுத எண்ணெய் பூசுங்கள். பெட்ரோல் பக்கமே போகாதீர்கள்.

* உப்புத்தாள், கத்தி முனை, ஸ்க்ரூ டிரைவர் மூன்றும் போல்ட்டைத் தொடக் கூடாது. முகப்பைச் சுரண்டினால் கரியோடு எஃகும் போகும்.

* எக்ஸ்ட்ராக்டரை நீங்களாகக் கழற்றாதீர்கள். அதன் ஸ்பிரிங் வலுவானது, அதற்கென்று கருவி இருக்கிறது, அது ஆர்மரரின் வேலை. கண்ணைப் பறிகொடுக்க ஒரு நொடி போதும்.

* மணல் பறக்கும் இடத்தில் எண்ணெயைத் தாராளமாகப் பூசாதீர்கள். மணல் அதில் ஒட்டி, அரைக்கும் பசையாகிவிடும். இதே எஃப்என் எஃப்ஏஎல் வழிவந்த தன் எல்1ஏ1 ரைபிளின் ஸ்லைடில் பிரிட்டன் மணல் ஒதுங்குவதற்கென்றே காடிகள் வெட்டியது.

* சோதிக்காமல் ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்காதீர்கள். ஃபயரிங் பின்னைப் பின்னாலிருந்து அழுத்தினால் நுனி முகப்பில் எட்டிப்பார்க்க வேண்டும். விட்டதும் உள்ளே போக வேண்டும். முழுதும் பூட்டிய பின், மேகசின் இல்லாமல் காக் செய்து சேஃப்டியையும் ட்ரிகரையும் பாருங்கள். எங்காவது சிக்கினால் அட்டையில் எழுதிக் கட்டி, பதிவேட்டிலும் குறித்து, ஆர்மரரின் கையிலேயே கொடுங்கள்.