சளிக்கு ஏன் அந்த மாத்திரை இல்லை? – ஒரு வகுப்பறை அனுபவம்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எங்கள் நெடுங்காட்டில் வகுப்புக்குப் பாதிப் பேர் சளியோடுதான் வருவார்கள். எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் விடுப்புக்குப் பின் வந்த மாணவி சொன்னாள்: "அண்ணனுக்கு வாங்குன மாத்திரை மீதி இருந்துச்சு சார். அம்மா குடுத்தாங்க. ரெண்டு போட்டதும் சளி சரியாயிடுச்சு."

வெற்று அட்டையை மட்டும் கொண்டுவரச் சொன்னேன். அசித்ரோமைசின். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. இதைப் பற்றிய விழிப்புணர்வு இயக்கத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் தொடங்கியது. அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. தொண்டை வலிக்கு நானும் மீதி மாத்திரையைத் தேடியவன்தான்.

மறுநாள் கரும்பலகையில் ஒரு பாக்டீரியாவைப் பெரிதாக வரைந்தேன். வெளியே செல்சுவர், உள்ளே புள்ளிகளாக ரைபோசோம்கள், நடுவில் டி.என்.ஏ. இழை. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் எங்கே தாக்குகின்றன என்று அம்புக்குறியிட்டோம்.

பெனிசிலின், அமாக்சிசிலின், செஃபிக்சிம் ஆகியவை சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. நம் செல்லுக்குச் சுவரே இல்லாததால் நமக்கு அந்தத் தாக்குதல் இல்லை. ஆனால் சிலருக்கு ஒவ்வாமை வரும். தோலில் தடிப்பு முதல், அரிதாக உயிருக்கே ஆபத்தான மூச்சுத்திணறல் வரை போகலாம்.

அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், ஜென்டாமைசின் ஆகிய மூன்றும் வெவ்வேறு வகை மருந்துகள். ஆனால் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைத்தான் மூன்றும் தாக்குகின்றன. முதலாவது வயிற்றைப் புரட்டலாம். மூன்றாவது சிறுநீரகத்தையும் கேட்கும் திறனையும் பாதிக்கலாம். டாக்சிசைக்ளின், வயலில் இறங்குவோருக்கு வரும் எலிக்காய்ச்சலுக்குத் தரப்படும் மருந்து. அது டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்தது. அந்த வகை, வளரும் குழந்தைகளின் பற்களில் கறையை உண்டாக்கலாம். அந்த வகையின் முதல் மருந்தான ஆரியோமைசின் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திலிருந்து 1948-இல் வெளிவந்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சிப்ரோஃப்ளாக்சசின் டி.என்.ஏ. பிரதியெடுக்க உதவும் நொதியை முடக்குகிறது. தசைநாண்களில் வலியோ கிழிசலோ அதன் பக்கவிளைவாக வரலாம்.

பிறகு பக்கத்தில் ஒரு வைரஸை வரைந்தேன். "இதுல சுவர் எங்கே? ரைபோசோம் எங்கே?" இரண்டும் இல்லை. "அப்ப மாத்திரை எதைத் தாக்கும்?" வகுப்பே, "ஒண்ணையும் இல்ல சார்" என்றது. அந்த மாணவி மட்டும் விடவில்லை: "பின்ன எனக்கு எப்படி சார் சரியாச்சு?" சாதாரணச் சளி சில நாளில் தானே அடங்கும் என்றேன். "அப்ப மாத்திரை சும்மாதான் இருந்துச்சா?"

அன்றைய பாடத்தின் சிறந்த கேள்வி அதுதான். மாத்திரை சும்மா இருப்பதில்லை. குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களை அது கொல்கிறது. வயிற்றுப்போக்கு அதனால்தான் வருகிறது. தப்பிப் பிழைத்த பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. "ஒரே களைக்கொல்லியை வருஷா வருஷம் அடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "அதுக்குச் சாவாத களை மட்டும் மண்டும் சார்" என்றான் வயலுக்குப் போய்ப் பழகிய ஒரு மாணவன். பெனிசிலினைக் கண்டறிந்த ஃப்ளெமிங் 1945-இல் நோபல் உரையில் எச்சரித்ததும் இதைத்தான்: மருந்தைக் குறைவான அளவில் உட்கொண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும்.

நாம் மருத்துவர்கள் அல்லர். எந்த மருந்தையும் பரிந்துரைக்கவோ நிறுத்தச் சொல்லவோ கூடாது. ஆனால் நான்கு பழக்கங்களை வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு அனுப்பலாம்: சீட்டு இல்லாமல் வாங்காதே, மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிடு, ஒவ்வாமை தெரிந்தால் உடனே அவரிடமே போ, ஒருவருக்குத் தந்ததை இன்னொருவருக்குக் கொடுக்காதே. ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை இதற்கான உலக விழிப்புணர்வு வாரம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பாக்டீரியா, வைரஸ் படங்கள் இரண்டையும் மாணவர்களையே வரைந்து விளக்கச் செய்யலாம்.

எங்கள் பள்ளியில் அந்தப் படங்களை வரைய முதலில் கை தூக்கியவள் அந்த மாணவிதான்.