நிழலை நம்பி வாழும் பாறைக் கற்பாசி

பால் வெட்டும் நிரையிலே சில மரங்களின் பட்டையில் வெண்மையும் சாம்பல் நிறமும் கலந்த திட்டுகள் ஒட்டியிருப்பதைக் காண்கிறோம். அவற்றை மரத்திற்கு வந்த நோய் என்று கருதுவோர் உளர். அவற்றுள் பல, கற்பாசி என்னும் உயிரினத்தைச் சேர்ந்தவை. அவை பட்டையில் ஒட்டி வாழுமேயன்றி மரத்தின் பாலை உறிஞ்சுவதில்லை. குழம்புக்கு மணம் சேர்க்கும் கல்பாசியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

கற்பாசி என்பது யாது?

கற்பாசி தனியோர் உயிரன்று. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டு வாழ்க்கையாகும். பூஞ்சை உறைவிடம் தந்து ஈரத்தைக் காக்கிறது. பாசி கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு ஆக்குகிறது. கற்பாசிக்கு வேர் இல்லை. தனக்கு வேண்டிய நீரை மழையிலிருந்தும் மூடுபனியிலிருந்தும் பெறுகிறது. ஆதலின், சுற்றுப்புறம் மாறினால் அது விரைவில் வாடிவிடும்.

அருகிவரும் ஓர் இனம்

அமெரிக்காவின் தென்கிழக்கே அப்பலாச்சியன் மலைத்தொடர் உள்ளது. அங்கு 'ராக் நோம் லைக்கன்' எனப்படும் கற்பாசி வாழ்கிறது. 'நோம்' என்பது மேனாட்டுக் கதைகளில் வரும் குள்ள உருவம். பெயருக்கேற்ப இதுவும் மிகச் சிறியது. இதன் இதழ்கள் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அகலமும் 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளமுமே உடையவை. ஓராண்டில் சில மில்லிமீட்டரே வளரும்.

5,000 அடிக்கு மேல், மூடுபனி அடிக்கடி தவழும் செங்குத்தான பாறைகளிலும், ஈரம் மிகுந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் மட்டுமே இது தழைக்கிறது. பெரும்பகுதி வட கரோலினா மாநிலத்தில் உள்ளது.

மரம் பட்டது, பாறை காய்ந்தது

அம்மலையுச்சிகளில் 'பிரேசர் பர்' என்னும் ஊசியிலை மரங்கள் அடர்ந்து நின்று பாறைகளுக்கு நிழல் தந்தன. ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய பஞ்சு போர்த்த சிறு பூச்சியொன்று, 1957இல் அங்குள்ள மிச்சல் மலையில் கண்டறியப்பட்டது. அது பட்டையில் வாய் பதித்துச் சாற்றை உறிஞ்சும். அதனால் நீர் மேலேறும் வழி கெட்டு மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். இவ்வாறு முதிர்ந்த மரங்களில் பெரும்பாலானவை மாண்டன.

அப்பூச்சி கற்பாசியைத் தீண்டவில்லை. ஆயினும் நிழல் நீங்கியதும் வெயில் நேரே விழுந்தது, பாறை உலர்ந்தது, கற்பாசியும் கருகியது. மலையேறுவோரின் காலடியும், மாதிரிக்கெனச் சுரண்டி எடுப்போரின் கையும் அழிவைப் பெருக்கின.

1995ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்க அரசு இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. கூட்டரசு நிலத்திலிருந்து இதைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றமாகும்.

நாம் பெறும் பாடம்

ஓர் உயிரைக் காக்க அதைத் தொடாமல் இருந்தால் மட்டும் போதாது. அதற்கு நிழலும் ஈரமும் தரும் இடத்தையும் காக்கவேண்டும். தோட்டத்து எல்லையில் உள்ள ஓடைக்கரை மரங்களும் இத்தகையனவே. அவற்றை வெட்டினால் கரை வெயிலுக்குத் திறந்துவிடும். நிழலை நம்பிய சிற்றுயிர்கள் நாம் அறியாமலே மறையும். விறகுக்காக அம்மரங்களை வெட்டாதிருப்போம்; பட்டையிலும் பாறையிலும் உள்ள கற்பாசியை வீணே சுரண்ட வேண்டாமெனப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போமாக.

சிந்திக்க:

1. கற்பாசியில் கூடி வாழும் இரண்டு உயிர்கள் யாவை?
2. மரத்தைத் தாக்கிய பூச்சியால் பாறையில் இருந்த கற்பாசி அழிந்தது எங்ஙனம்?