இல்லத்து டிவிடிகள்: கோப்பாக்கிக் காக்கும் முறை

மட்டாஞ்சேரி போன்ற காயலோரப் பகுதிகளில் பருவமழைக் காலத்தின் ஈரம் வீட்டு அலமாரி வரை வந்துவிடும். திருமணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் ஆகியன பதிவான டிவிடிகள் அங்கேதான் உள்ளன. மறைந்துவிட்ட பெரியோரின் குரலும் நடையும் அவற்றில் மட்டுமே எஞ்சியிருக்கலாம். பதிவுத் தகட்டினுள் இருப்பது கரிமச் சாயப் படலம். வெப்பம், ஒளி, ஈரப்பதம் மூன்றும் அதனைச் சிதைக்கும். எனவே, இயங்கும் நிலையிலேயே அவற்றைக் கோப்புகளாக மாற்றிவிடுதல் நலம்.

1. பட்டியல்: ஒவ்வொரு தகட்டிற்கும் எண்ணிட்டு, நிகழ்வையும் ஆண்டையும் குறிக்கவும். வேறெங்கும் கிடைக்காத குடும்பப் பதிவுகளுக்கே முன்னுரிமை. தகடு அழுக்காக இருப்பின் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்கவும். வட்டமாகத் துடைத்தல் ஆகாது.

2. நகல்: யூஎஸ்பி டிவிடி டிரைவை மடிக்கணினியில் இணைத்து, தகட்டிலுள்ள ‘வீடியோ டிஎஸ்’ கோப்புறையை முழுமையாகப் படியெடுக்கவும். ஒற்றை அடுக்குத் தகட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. ஐம்பது தகடுகளுக்கு 235 ஜிபி இடம் வேண்டும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் போதுமானது.

3. மாற்றம்: ‘ஹேண்ட்பிரேக்’ என்னும் இலவச மென்பொருளில் எம்பி4 வடிவம், எச்.264 காட்சி, ஏஏசி ஒலி ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கவும். நம் நாட்டு டிவிடியின் காட்சி அளவு பொதுவாக 720×576. அதனைப் பெரிதாக்கினால் கோப்பு பருக்குமேயன்றித் தெளிவு கூடாது. அசைவுகளின் ஓரத்தில் சீப்புப்பல் போன்ற கோடுகள் தோன்றினால் ‘டீஇன்டர்லேஸ்’ வசதியைப் பயன்படுத்தவும்.

4. சோதனை: முதற்கோப்பைப் பென் டிரைவில் ஏற்றித் தொலைக்காட்சியில் பார்த்த பின்னரே மற்றவற்றைத் தொடரவும். எஃப்ஏடி32 முறையில் அமைந்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது.

5. சரிபார்ப்பு: பட்டியலையும் கோப்புகளையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் தொடக்கம், நடு, இறுதி மூன்றையும் ஓடவிட்டுப் பார்க்கவும். கணக்கு ஒத்துப்போகும் வரை மூலத்தகட்டை அகற்றலாகாது.

விலைக்கு வாங்கிய திரைப்பட டிவிடிகளின் நிலை வேறு. காப்புரிமையை மீறும் நோக்குடன் அவற்றின் பூட்டை உடைப்பது, 2012-இல் திருத்தப்பட்ட 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி தண்டனைக்குரியது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தின் பல வீடுகள் நீரில் மூழ்கியதை நாம் அறிவோம். ஆதலால் ஒரு நகல் வீட்டில் இருக்க, மற்றொன்றை ஈரம் புகாத உறையிலிட்டு வெளியூர் உறவினரிடமோ வங்கி லாக்கரிலோ வைக்கவும். நகைக்கு நிகர் நகை வாங்கலாம். பாட்டியின் குரலுக்கு நிகர் வாங்க இயலாது.