கதவு ஏன் திறக்கவில்லை?

(பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வர்)

பலர் சேர்ந்து கணினி நிரல் எழுதும்போது, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று கணக்கு வைக்கும் மென்பொருள் 'கிட்'. லினக்ஸ் நிரலைப் பேணுவதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார். நாங்கள் நால்வரும் எங்கள் குழுத் தலைவியும் இதன் துணையோடு நம் நூலகத்துக்கு ஒரு புத்தகப் பட்டியல் நிரல் எழுதினோம். பொதுப் பிரதி 'கிட்ஹப்' தளத்தில், தலைவியின் கணக்கில் இருந்தது.

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை, கணினி அறையிலிருந்து கடைசித் திருத்தங்களை அனுப்பினோம். அனுமதி இல்லை, பிழை எண் 403 என்று திரையில் வந்தது. தலைவி அன்று விடுப்பு. முந்தைய நாள்தான் அவளோடு சிறு மனத்தாங்கல். எங்களை நீக்கிவிட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டோம்!

எங்களில் ஒருத்தி கிட் அமைப்பில் பெயரையும் மின்னஞ்சலையும் மாற்றிப் பார்த்தாள். பயனில்லை. அப்பெயர் திருத்தத்தின் கீழ் இடும் கையொப்பம் மட்டுமே. அது கதவைத் திறக்காது.

"செய்தியை முழுவதும் வாசித்தீர்களா?" என்று ஆசிரியை கேட்டார். வாசித்தோம். அனுமதி மறுக்கப்பட்டவர் பெயரும் அதில் இருந்தது. அது பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவருடையது! அவர் முன்பு அதே கணினியில் உள்நுழைந்திருக்கிறார். விண்டோஸ் அதை நினைவில் வைத்திருந்தது. கண்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பகுதியைத் திறந்து, கிட்ஹப் பதிவை நீக்கி, எங்கள் கணக்கில் நுழைந்ததும் திருத்தங்கள் சென்றுவிட்டன.

கணினி இரண்டு கேள்விகள் கேட்கிறது: நீ யார்? உனக்கு இங்கே உரிமை உண்டா? எங்களுக்கு நேர்ந்தது முதல் கேள்விக்குத் தவறான பதில் போனதால், இரண்டாவதில் வந்த மறுப்பு. 'பப்ளிக் கீ' என்ற சொல்லோடு மறுப்பு வந்தால் முதல் கேள்வியிலேயே தோல்வி. எஸ்.எஸ்.எச். முறையில் இரண்டு சாவிகள் உண்டு. பொதுச் சாவியைத் தளத்தில் பதிய வேண்டும். தனிச் சாவி நம் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. லினக்ஸில் தனிச் சாவிக் கோப்பைப் பிறரும் படிக்க முடிந்தால், எஸ்.எஸ்.எச். அதைப் பயன்படுத்தவே மறுத்துவிடும். இவ்வளவு கண்டிப்பு எங்களுக்குப் பிடித்திருந்தது.

'களஞ்சியம் இல்லை' என்று வந்தாலும் உடனே நம்ப வேண்டாம். உரிமையற்றவரிடம் தனிக் களஞ்சியம் இருப்பதையே கிட்ஹப் காட்டிக் கொடுப்பதில்லை.

அன்று மாலை நாங்கள் நினைத்ததைத் தலைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இதழ் வந்ததும் படிப்பாள்.