குஞ்சுக்குப் பூச்சி வேண்டும்!



எங்கள் வீட்டு மாடியில் கம்பிவலை அடித்த கூண்டு ஒன்று உள்ளது. அதில் ஒரு ஜோடி ஜீப்ரா பிஞ்ச் வளர்க்கிறேன். இதன் தாயகம் ஆஸ்திரேலியா. ஆணுக்குக் கன்னத்தில் செம்பழுப்புத் திட்டு இருக்கும், பெண்ணுக்கு இருக்காது.

போன வருடம் இந்த ஜோடி மண் கலயத்தில் 5 முட்டை இட்டது. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தன. 13-ஆம் நாள் குஞ்சுகள் வந்தன, 4 குஞ்சு! ஆனால் ஒரே வாரத்தில் மூன்று செத்துப்போச்சு. நான் அழுதுவிட்டேன். “வளர்க்கத் தெரியலைன்னா யாருக்காவது கொடுத்துடு” என்று அம்மா சொன்னார்கள்.

காரணத்தைச் சொன்னது எங்கள் ஆயாதான். “கோழிக்குஞ்சுக்குக் கரையான் போடுறோமே, இதுக்கு வெறும் தினையைப் போட்டா எப்படிடா தேறும்?” என்றார்கள். அப்புறம் அறிவியல் ஐயாவிடம் கேட்டேன். குஞ்சு சுமார் 20 நாளில் இறகு முளைத்துக் கூட்டை விட்டு வெளியே வர வேண்டும். இறகு என்பதே கெரட்டின் என்னும் புரதம். அதனால் வளரும் குஞ்சுக்குப் புரதம் அதிகம் தேவை. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழு, பூச்சிதான் ஊட்டும் என்று ஐயா விளக்கினார்.

இரண்டாம் முறை நான் செய்தவை:

1. கரையான்: பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தேன். காலையில் பார்த்தால் பானை நிறையக் கரையான்! (பூச்சிமருந்து அடித்த இடத்தில் எடுக்கக் கூடாது.)

2. அவித்த முட்டையை உதிர்த்து வைத்தேன். வெயிலில் கெட்டுவிடும், அதனால் 2 மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

3. முளைகட்டிய தினை, சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை.

4. முட்டை இட்டதும் தேங்காய் நாரை எடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் முட்டைமேலேயே மறுபடி கூடு கட்டிவிடும்.

முதல் இரண்டு நாள் கரையானைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் ஆண் குருவி ஒன்றைக் கொத்தியது, பிறகு பெண்ணும் வந்தது. ஆகவே குஞ்சு பொரிக்கும் முன்பே பழக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். இந்த முறை 4 குஞ்சுகளில் 4-ம் பிழைத்தன! குஞ்சுகளின் அலகு கறுப்பாக இருந்து பிறகு சிவக்கும். வெளியே வந்த பிறகும் இரண்டு வாரம் பெற்றோர் ஊட்டும். அதற்குள் பிரிக்கக் கூடாது.

ஒரு முக்கியமான விஷயம். நம் பள்ளிச் செம்பருத்திச் செடியில் இலையைத் தைத்துக் கூடு கட்டியுள்ள தையல்சிட்டைப் பிடித்து வளர்க்கலாமா என்று ஒரு நண்பன் கேட்டான். கூடவே கூடாது! அது பெரும்பாலும் பூச்சியை நம்பி வாழ்வது. நாள் முழுதும் அது தேடிப் பிடிக்கும் பூச்சியை நம்மால் கொடுக்க முடியாது. மேலும் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தள்ளி நின்று பார்ப்போம், கூட்டைத் தொட வேண்டாம்.

செத்த அந்த மூன்று குஞ்சுகளை இன்னும் நான் மறக்கவில்லை. வளர்க்க ஆசைப்படும் முன் அது என்ன தின்னும் என்று கேளுங்கள் நண்பர்களே!


9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்