பொறிப்பைக் கடைசியில் படியுங்கள்

கனெக்டிகட் மாநிலத்தில் பழம்பொருள் ஏலங்களுக்கு விவரக்குறிப்பு எழுதுவது என் வேலை. தாத்தா காலத்து ரிவால்வரைத் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் பலரும், "இது 1843-ல் செய்தது, இதிலேயே போட்டிருக்கிறது பாருங்கள்" என்பார்கள். போட்டிருப்பது உண்மைதான். கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி ரிவால்வரில் சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி ஓடும். கூடவே 1843 மே 16 என்ற தேதி. ஆனால் அது துப்பாக்கி செய்த நாள் அல்ல. மெக்சிகோவின் கம்பேச்சே கடலில் டெக்சாஸ் கடற்படை மெக்சிகோ கப்பல்களோடு மோதிய நாள். சாமுவேல் கோல்ட்டின் தொடக்ககால ரிவால்வர்களை வாங்கி அவருக்குக் கைகொடுத்த கடற்படை அது. டெக்சாஸின் அந்தப் போரை நினைவுகூரும் படத்தைச் செதுக்கியவர், வங்கி நோட்டு அச்சுக்குத் தகடு செதுக்கிய ஆர்ம்ஸ்பி. பெயரில் 1851 என்றிருக்கும் இந்த மாடலே 1850-ல்தான் தயாரிப்புக்கு வந்தது.

அதனால்தான், நினைவுப் பொறிப்பு உள்ள துப்பாக்கியில் பொறிப்பைக் கடைசியில் படியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

முதல் வேலை, உள்ளே மருந்தும் குண்டும் இருக்கிறதா என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டுவது. நூறு வருடம் கழித்தும் கெட்டித்த நிலையில் கிடக்கும். அடுத்தது, தேய்த்துப் பளபளப்பாக்காமல் இருப்பது. அந்தப் பழுப்பேறிய மேற்பரப்பு போனால் பாதிச் சாட்சி போய்விடும்.

பிறகு எண்கள். நல்ல விளக்கும் லென்ஸும் வைத்துக்கொண்டு குழலின் அடி, சட்டகம், விசைக்காப்பு வளையம், பிடியின் அடிப்பட்டை, சிலிண்டர் எல்லாவற்றையும் பாருங்கள். குழலைக் கோத்துப் பிடிக்கும் சிறிய ஆப்பில்கூட எண் இருக்கும். அடிக்கடி தொலைந்து மாற்றப்படுவதும் அதுதான். ஆப்பு மட்டும் வேறு எண்ணென்றால் நான் கவலைப்படுவதில்லை. குழலும் சட்டகமும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டு துப்பாக்கிகளின் கதையை ஒன்றாகச் சொல்லப்போகிறோம் என்று பொருள்.

குழலின் மேலே முகவரி இருக்கும். கர்னல் கோல்ட், லண்டன் என்றிருந்தால் அது 1853-ல் தேம்ஸ் கரையில் அவர் தொடங்கிய தொழிற்சாலையில் செய்தது. லண்டனுக்குத் தனி எண் வரிசை, பிரிட்டிஷ் சோதனை முத்திரைகளும் உண்டு. கோல்ட்டின் அமெரிக்கத் தொழிற்சாலையான ஹார்ட்ஃபோர்டின் எண் அட்டவணையை வைத்து லண்டன் துப்பாக்கிக்கு வயது சொன்னால் கணக்கு தப்பும். சிறு கட்டத்துக்குள் இரண்டு எழுத்தும், அருகே நட்சத்திரத்தோடு பிஎன் முத்திரையும் கண்டால் அது இத்தாலியில் செய்த நகல். அந்த இரண்டு எழுத்தே ஆண்டுக் குறியீடு. கோல்ட் நிறுவனமே 1971-ல் இதே மாடலில் லீ, கிராண்ட் என்ற இரு தளபதிகளின் பெயரில் நினைவுப் பதிப்புகள் வெளியிட்டது. அவை உண்மையான கோல்ட்தான், ஆனால் பழம்பொருள் அல்ல.

எண் கைக்கு வந்ததும், அந்த எண்ணுக்குப் பதிவேடு இருக்கிறதா என்று கோல்ட் ஆவணப் பிரிவிடம் கேளுங்கள். இருந்தால், கட்டணம் பெற்றுக்கொண்டு எந்த நாளில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவார்கள். 1864 பிப்ரவரித் தீ விபத்தில் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையின் பெரும்பகுதி எரிந்ததால், அதற்கு முந்தையவற்றில் பலவற்றுக்கு வழியில்லை.

இப்போது பொறிப்புக்கு வரலாம். ஒரு துப்பாக்கியின் பின்பட்டையில், உள்நாட்டுப் போர்க் கேப்டன் ஒருவருக்கு நண்பர்கள் அன்பளித்ததாக எழுதியிருந்தது. எழுத்து அழகு. லென்ஸை வைத்தால், பட்டையிலிருந்த பழைய கீறல்கள் ஒவ்வொன்றையும் எழுத்தின் கோடு வெட்டிக்கொண்டு போயிருந்தது; எழுத்தின் மேல் ஏறிய கீறல் ஒன்றுகூட இல்லை. ஓரங்கள் விரலில் உறுத்தின. காலத்தோடு கூடவே தேய்ந்த எழுத்து இப்படி இருக்காது. வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் படைப்பணிப் பதிவில், பொறிப்பு சொன்ன மாதத்தில் அவர் லெப்டினன்ட். பதவி உயர்வே பிறகுதான். துப்பாக்கி அசல், எழுத்து பிற்காலத்தது என்று விவரக்குறிப்பில் எழுதினேன். உடைமையாளருக்கு வருத்தம்தான், ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையைத் தனித்தாளில், சொன்னவர் பெயரும் தேதியும் போட்டு எழுதி வையுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் பழைய ரசீது, உறை, கிழிந்த சீட்டு எதையும் எறியாதீர்கள். கூட்டாட்சிச் சட்டப்படி 1898 வரை செய்தவை பழம்பொருள் என்றாலும் மாநில விதி மாறும். விற்பதற்கோ வேறு ஊருக்கு அனுப்புவதற்கோ முன்னால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.