கேரவன் ஃப்ரிட்ஜ் பற்றவில்லையா?

லண்டன் அபே வுட் முகாமில் கேரவனை நிறுத்தியாயிற்று. பழைய ஃப்ரிட்ஜில் 'டிக் டிக்' கேட்கிறது, தீ மட்டும் பிடிக்கவில்லை. வாயு வாசம் இல்லையென்றால் அடுப்பைப் பற்றவையுங்கள். அதுவும் திணறினால் கோளாறு சிலிண்டரில் இருக்கலாம். நீலச் சிலிண்டரின் பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியதும் ஆவியாகாது. குளிர்காலத்துக்குச் சிவப்புச் சிலிண்டர் புரோப்பேனே நல்லது.

சத்தமே வரவில்லையா? மின்சார இக்னைட்டர் என்றால் 12 வோல்ட் ஃப்யூஸைப் பாருங்கள். கையால் அழுத்தும் பீசோ வகைக்கு மின்சாரம் தேவையில்லை. பெரும்பாலும் ஒயர் கழன்றிருக்கும், அல்லது பொறி முனையின் வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டிருக்கும்.

பர்னர் ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் தீ சரியாக எரியாது, கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறித்துவிடும். ஜெட்டைச் சுத்தம் செய்ய, 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் உள்ள எல்.பி.ஜி. பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவருடைய 'கேஸ் சேஃப்' அடையாள அட்டையின் பின்பக்கத்தில் தகுதி விவரம் இருக்கும். கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம்.